தாழ்ப்பாள் சாரின் கையெழுத்து டப்பா

தாழ்ப்பாள் சார் யாரையும் நம்ப மாட்டார். அதை அவர் ஒரு குறையாக நினைக்கவே இல்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டம் மாதிரி பெருமையாக வைத்திருந்தார்.

எனக்கும் அவருக்கும் ஒரே மாடி. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவர், கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்து ஆலோசனை சொல்பவர். இந்தப் பக்கம் நான், வக்கீல். வாசல் கதவு ஒன்று, கழிவறை ஒன்று, இன்டர்நெட் இணைப்பும் ஒன்று. தடுப்பு எவ்வளவு மெல்லியது என்றால், அவர் தும்மினால் நான் "நல்லா இருங்க" என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். சொன்னால், ஒட்டுக்கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கம்ப்யூட்டர் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். வேண்டாத காகிதத்தை நாலாகக் கிழித்து இரண்டு குப்பைக்கூடையில் பிரித்துப் போடுவார். மெயில் வந்தால் உடனே அனுப்பியவருக்கு போன் போடுவார்.

"இப்ப ஒரு மெயில் வந்திருக்கு. அனுப்பினது நீங்கதானா?"

"ஆமா சார், நான்தான்."

"நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? உங்க பொண்ணு என்ன படிக்கிறா, சொல்லுங்க."

ஒரு முறை ஒருவர் மகள் படிக்கும் வகுப்பைத் தப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாக்களுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது! சார் விடவில்லை. வீட்டம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, சரிபார்த்த பிறகுதான் அந்த மெயிலைத் திறந்தார்.

மதியம் நான் கோர்ட்டில் இருப்பேன். அவருடைய டைப்பிஸ்ட் பெண் கீழே தோழியின் துணிக்கடையில் போய்ச் சாப்பிடுவாள். சார் மட்டும் மேஜையை விட்டு நகர மாட்டார். வாசல் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். கோர்ட் சீக்கிரம் முடிந்து நான் வந்துவிட்ட நாட்களில், என் சொந்த ஆபீஸ் வாசலில், வாடகை கொடுக்கும் நானே, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். தாழ்ப்பாள் சார் என்று பெயர் வைத்ததே நான்தான். அது கட்டடம் முழுக்கப் பரவி, கடைசியில் கிளையன்ட்டுகளே அவர் முகத்துக்கு நேராகக் கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது.

இப்படிப்பட்ட மனுஷனுடைய மேஜை இழுப்பறையில்தான் அந்த பிஸ்கட் டப்பா இருந்தது.

அந்த டப்பாவில் இருந்தவை கையெழுத்துகள். கம்பெனிகள் அரசாங்கப் பதிவகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு படிவத்திலும் இயக்குநர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பேனாவுக்கு வேலையில்லை. ஆளுக்கொரு டோக்கன், ஒரு விரல் நீளத்துக்கு. அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் கையெழுத்து விழுந்துவிடும். டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் போடவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை நிரூபிப்பது அவருடைய தலைவலி. டோக்கனைத் தன் கையிலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டியதும் அவருடைய கடமை.

சட்டம் அப்படிச் சொல்கிறது. நடப்பது என்ன? டோக்கன் கூரியரில் ஆலோசகர் ஆபீசுக்கு வரும். அங்கேயே இருந்துவிடும். கம்பெனிக்காரர் போனில் "போட்டுடுங்க சார்" என்பார், இவர் போடுவார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சார் ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேலேயே பெயரையும் ரகசிய எண்ணையும் குண்டு குண்டாக எழுதியிருந்தார். அதைப் பார்த்த அன்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார், இது பூட்டு மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கே."

"வெளியில இருந்தாதான் ஆபத்து வக்கீலம்மா. என்கிட்ட இருந்தா பத்திரம்."

"உங்ககிட்ட இருந்து யார் காப்பாத்துறது?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்னை நானே சந்தேகப்படச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை மூடி இழுப்பறைக்குள் தள்ளினார்.

ஒரு நாள் காலையில் பெட்டி அக்கா வந்தார். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றை அண்ணனும் தங்கையுமாக நடத்தினார்கள். வெளி வேலை அண்ணனுக்கு. உள்ளே மெஷின், ஆட்கள், சரக்கு எல்லாம் தங்கைக்கு. வேலையாட்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. புடவை முந்தானையில் எப்போதும் அட்டைத் தூசி இருக்கும். அன்றைக்கும் இருந்தது, அதைத் தட்டக்கூடத் தோன்றாமல் நேராக சார் மேஜைக்குப் போனார்.

"சார், நான் எப்ப ராஜினாமா பண்ணினேன்?"

பேங்கில் ஏதோ ஒப்புதல் கொடுக்கப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க இப்ப டைரக்டர் இல்லையே மேடம்" என்று சொல்லியிருக்கிறாள். பதிவகத்தில் அவருடைய ராஜினாமா ஏறியிருக்கிறது. கீழே அவருடைய டிஜிட்டல் கையெழுத்து, பிசிறில்லாமல்.

சார் டப்பாவைக் கவிழ்த்தார். அக்காவின் டோக்கன் அதில்தான் இருந்தது. பிளாஸ்திரியும் இருந்தது, எண்ணும் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரோ டப்பாவைத் திறந்திருக்காங்க" என்றார். அதைச் சொல்லும்போது டைப்பிஸ்டைப் பார்த்தார், அப்புறம் தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார்.

அக்கா அங்கிருந்து சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "நீங்க எனக்காகப் பேசுவீங்களாம்மா?"

விஷயம் இதுதான். பெரிய கம்பெனி ஒன்று தொழிற்சாலையை இடத்தோடு சேர்த்துக் கேட்டது. அண்ணனுக்கு விற்றுவிட ஆசை. வாங்குகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று தங்கைக்குத் தெரியும். அவர் சம்மதிக்கவில்லை. இயக்குநர்கள் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, இவர். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் விற்கலாம் என்று அவர்கள் அப்பா எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். தங்கை ராஜினாமா செய்துவிட்டால் மிச்சம் இருவர், இருவருமே ஒரே வீடு. விற்பனைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் இந்த ராஜினாமா செல்லாது என்று ஆக்காவிட்டால் அவ்வளவுதான். காலையில் அவர் போய் நிற்க ஒரு இடம் இருக்காது.

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா. பெட்டி செய்யத்தான் தெரியும்" என்றார். அழவில்லை.

வழக்கை எடுத்துக்கொண்டேன். முதல் நாளிலிருந்தே என் சந்தேகம் சார் மேல்தான். காரணம் இருந்தது. அக்காவின் அண்ணனும் இவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். எல்லார் மெயிலுக்கும் போன் போட்டு வம்சாவளி விசாரிக்கும் இந்த மனுஷன், அவர் மெயிலுக்கு மட்டும் போன் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே சாருக்கு முகம் மலர்ந்துவிடும். இவருக்கு இதில் என்ன கிடைத்திருக்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

சாரும் சும்மா இருக்கவில்லை, திருடனைத் தேட ஆரம்பித்தார். இழுப்பறை விளிம்பில் நூல் ஒட்டிவைத்தார். டப்பா மூடியில் முகப்பவுடர் தூவிவைத்து, மறந்துபோய்த் தானே தொட்டுவிட்டு, வெள்ளை விரலோடு நாள் முழுக்கத் திருதிருவென்று முழித்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தபோது பின்னாலேயே நின்று அவர் மூச்சு விடுவதைக்கூடக் கவனித்தார். டைப்பிஸ்டின் கைப்பையை ஓரக்கண்ணால் பார்ப்பதும், பார்க்காத மாதிரி திரும்புவதுமாக இருந்தார். அந்தப் பெண் வாயில்லாப் பூச்சியல்ல. பையை எடுத்து அவர் மேஜை மேல் கொட்டினாள். சீப்பு, சாவி, பஸ் சில்லறை, பாதி தின்ற மிட்டாய் எல்லாம் உருண்டன.

"நல்லாப் பாருங்க சார். இன்னொரு தடவை என் பையைப் பார்த்தீங்க, நான் வேற வேலை தேடிக்குவேன். உங்களுக்கு வேற டைப்பிஸ்ட் கிடைக்காது. இந்தக் கண்ணை யாரும் தாங்க மாட்டாங்க."

சார் அந்தச் சில்லறையைப் பொறுக்கி அவளிடமே கொடுத்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இதற்கிடையில் பதிவகத்திடம் நான் கேட்டிருந்த விவரம் வந்தது. ராஜினாமா எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்று. இரண்டு தடவை படித்தேன். எங்கள் மாடியின் இணைப்பு. அதாவது சாரின் இணைப்பு, அதாவது என்னுடைய இணைப்பும்தான்.

அன்று மதியமே சார் இன்டர்நெட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. நான் தடுப்பைத் தட்டினேன்.

"சார், பாஸ்வேர்ட்?"

"விசாரணை முடியட்டும் வக்கீலம்மா."

"பாதி பில் நான் கட்டுறேன்!"

அவர் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அண்ணன் தரப்பு வக்கீல் எனக்கு போன் போட்டார். குரலில் தேன் வழிந்தது. "அந்த இணைப்பு உங்க ஆபீஸ்தும்தானேம்மா? உங்க கட்சிக்காரங்க உங்க இடத்துலயே உட்கார்ந்து ராஜினாமா பண்ணிட்டு, இப்ப மனசு மாறிட்டாங்கன்னு நான் சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"டோக்கன் அவங்க கையில இல்லவே இல்லைன்னு சொல்வேன்."

"சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. டோக்கனை அடுத்தவங்ககிட்ட கொடுத்துவைக்கிறது யார் தப்பு? அதையும் அவங்க வாயாலயே சொல்ல வச்சுடுங்க."

போனை வைத்தேன். அந்த ஆள் சொன்னதில் சட்டப்படி ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தபோது என் எதிரில் உட்காரவில்லை, நின்றார். "உங்களுக்கும் அவருக்கும் ஒரே மாடி. ஒரே இணைப்பாமே. அண்ணன் சொன்னார். எனக்கு இப்ப யாரை நம்புறதுன்னே தெரியலைம்மா."

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் அதற்கு முதல் நாளே கேட்டிருப்பேன். அவரை இழுத்துக்கொண்டு நேராக சார் பக்கம் போனேன். டைப்பிஸ்டையும் கூப்பிட்டேன். சந்தேகப்படுகிற எல்லாரும் ஒரே அறையில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"சார், எந்த வேளையில ஏத்தினாங்கன்னும் பதிவகம் சொல்லியிருக்கு. வருஷாந்திரக் கணக்கு அனுப்புற கடைசி வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். நான் கோர்ட்ல. இந்தப் பொண்ணு கீழ கடையில, அந்தத் தோழி சாட்சி சொல்வா. அந்த நேரத்துல இந்த மாடிக்கு யார் வந்திருக்கலாம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சார் யோசிக்கவே இல்லை. பெருமையாக நிமிர்ந்தார்.

"அந்த நேரத்துல ஒரு ஈ காக்கா உள்ள வர முடியாது வக்கீலம்மா. நான்தான் உள்பக்கம் தாழ் போட்டுட்டு..."

வாய் திறந்தபடியே இருந்தது. டைப்பிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா முதலில் அவரையும், அப்புறம் வாசல் கதவையும் பார்த்தார். அதில் அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள், தினம் கைபட்டுப் பளபளவென்று இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றார் சார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். எங்கள் காதில் பூ சுற்றத்தான் நூலும் பவுடரும் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்காவின் அண்ணன் வந்தார். நான் என் பக்கம் வழக்குக் கட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக சார் முக்கியமான பேச்சென்றால் வாசல்படிக்குப் போய்க் கிசுகிசுப்பார், தடுப்பு மேல் அவருக்கு அவ்வளவு அவநம்பிக்கை. அன்றைக்கு நண்பரைத் தடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்காரவைத்தார்.

"என்னடா அனுப்பினே நீ? வழக்கமானதுதான், போட்டுடுன்னு சொன்னியே. அந்தக் கணக்குக் கட்டுல தங்கச்சி ராஜினாமாவை ஏன்டா நடுவுல செருகினே?"

"நீ ஏன்டா படிக்காம போட்டே?"

"ஆமா, படிக்கலை" என்றார் சார். "ஊர்ல எவன் அனுப்பினாலும் ரெண்டு தடவை படிக்கிறவன், நீ அனுப்பினதைப் படிக்கலை. டோக்கனை மாத்தி மாத்திச் சொருகிட்டே சாப்பிட்டேன். நீ அனுப்பினதுன்னுதான் படிக்கலைடா."

"சரி விடு, முடிஞ்சு போச்சு." அண்ணன் குரல் தணிந்தது. "வாயைத் திறக்காம இரு. நீதான் போட்டேன்னு சொன்னா உன் உரிமம் போயிடும். சும்மா இருந்தா அது அவ கையெழுத்து. சட்டமே அப்படித்தான் சொல்லுது."

"சத்தமா சொல்லு. காது கேட்கலை."

"நீ வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

அடுத்த தெருவில் காசு விழுந்தால்கூடக் கேட்கும் காது அவருக்கு. அண்ணன் எழுந்து போய், கதவு சாத்திய சத்தம் அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்க வைத்தது என்னை.

ஆனால் தொழில் புத்தி உடனே விழித்துக்கொண்டது. எதற்காகக் கேட்க வைக்க வேண்டும்? இரண்டு பேரும் சேர்ந்து போடும் நாடகமாக இருந்தால்? இதை நம்பி நான் அவரைச் சாட்சியாகக் கூப்பிட, அங்கே வந்து "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்று கையை விரித்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. தடுப்பு வழியாகக் கேட்டேன் என்று வக்கீலே சொன்னால் சிரிப்பார்கள். அவரிடமே போய்க் கேட்டுவிடலாம் என்றால், சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அவரைக் கூப்பிடாதீங்க" என்று அக்கா கெஞ்சினார். "அவர் அண்ணன் ஆளும்மா."

"வேற சாட்சி நமக்கு இல்லைக்கா."

விசாரணை, பதிவக அதிகாரியின் சின்ன அறையில் நடந்தது. ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, நாலைந்து நாற்காலி. அண்ணன் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சார் உள்ளே வந்தார், உட்காருவதற்கு முன்னால் நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த டோக்கன் யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டேன்.

"என்கிட்ட."

"இந்த அம்மா கைக்கு எப்பவாவது போயிருக்கா?"

"இல்லை. கூரியர்ல என் ஆபீசுக்கு வந்தது. அங்கேயே இருந்தது."

"ராஜினாமாவுல இந்தக் கையெழுத்தைப் போட்டது யார்?"

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் சாட்சிக்கே ஆபத்து, எச்சரிக்க வேண்டும் என்றார். அதிகாரியும் எச்சரித்தார். நீங்கள் சொல்வது உங்கள் தொழிலுக்கே வேட்டு வைக்கும், புரிகிறதா என்று கேட்டார். அண்ணன் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஞாபகம் இல்லை என்று சொல்லப் போகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஒரு தடவை கேட்டு நான் எதுக்கும் பதில் சொன்னதில்லை" என்றார். "கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டேன்.

"நான்தான். அந்த அம்மாவை நான் ஒரு வார்த்தை கேட்கலை. அந்த நேரத்துல கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன். உள்ள என்னைத் தவிர வேற ஆள் கிடையாது." அப்புறம் நண்பர் பக்கம் திரும்பினார். "இவன் அனுப்பினான். இவனை மட்டும் நான் சந்தேகப்பட்டதில்லை."

அண்ணன் காலைக் கீழே இறக்கினார்.

அதிகாரி அக்காவையும் விடவில்லை. "உங்க கையெழுத்தை ஏன் அடுத்தவர்கிட்ட கொடுத்து வச்சீங்க?" என்றார். "எல்லாரும் அப்படித்தான் சார் கொடுக்கிறாங்க" என்றார் அக்கா. "எல்லாரும் கிணத்துல விழுந்தா நீங்களும் விழுவீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டார். போடட்டும், நியாயமான சத்தம்தான். ராஜினாமா செல்லாது என்று ஆனது. விற்பனை நின்றது. சாரின் உரிமத்தை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவரிடம் போனேன். உங்களை அண்ணன் ஆள் என்று நினைத்துவிட்டேன் சார் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவரே முந்திக்கொண்டார். "பாஸ்வேர்டைப் பழையபடி மாத்திட்டேன்" என்றார். எங்களுக்குள் சமாதானம் அப்படித்தான் ஆனது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சார் எல்லாக் கிளையன்ட்டுகளுக்கும் போன் போட்டு, வந்து அவரவர் டோக்கனை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். திட்டுவார்கள் என்று பயந்து, டைப்பிஸ்டைப் பக்கத்திலேயே நிற்கவைத்துக்கொண்டார். வந்தவர்கள் யாரும் திட்டவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் மறுத்தார்கள்.

"எங்களுக்கு எங்க சார் இதெல்லாம் தெரியும்? உங்ககிட்டயே இருக்கட்டும். அதிகாரி முன்னாடி உண்மையைச் சொன்ன மனுஷன் நீங்க."

"அய்யோ, நான் தப்புப் பண்ணினவன்யா! படிக்காம கையெழுத்துப் போட்டவன்யா!"

"பரவாயில்லை சார், இனிமே படிச்சுட்டுப் போடுங்க."

ஒருவர் டோக்கனை வாங்கிக்கொள்வதுபோல வாங்கி, அவர் திரும்பிய நேரத்தில் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு நழுவிவிட்டார். சார் படிக்கட்டில் தடதடவென்று துரத்திக்கொண்டு ஓடி, தெருமுனையில் பிடித்து, அவர் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது. "இவங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமே வரலையே" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

கடைசியாக வந்தவர் பெட்டி அக்கா. டப்பாவில் ஒரே ஒரு டோக்கன்தான் மிச்சம் இருந்தது. சார் அதன் மேலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்து, பிசினைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் கையில் வாங்கிப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"இதுதானா?" என்றார். "இத்தனூண்டுக்குள்ளயா நான் இருந்தேன்?"

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அப்புறம் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, எங்கே சொருகுவது, பழைய எண்ணை எங்கே தட்டுவது, புது எண்ணை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"அக்கா, நான் உங்க வக்கீல்" என்றேன்.

"தெரியும்மா. வெளிய இருங்க."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். டைப்பிஸ்டையும் அக்கா வெளியே அனுப்பிவிட்டார். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. வழக்கை ஜெயித்துக் கொடுத்தவள் நான். உள்ளே செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது, தாழ்ப்பாள் விழுந்தது.

தாழ்ப்பாள் சார் கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை.

"சரியா போட்டிருக்காங்க" என்றார்.